கிண்டியில் புது செமஸ்டர்: அண்ணா பல்கலைக்கழகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவுன்சிலிங் முடிந்து ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்ததும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை, பக்கத்துத் தெருப் பிள்ளை, ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகள் என்று யாராவது ஒருவர் "அண்ணா, ஒரு சந்தேகம்" என்று தொடங்குவார்கள். அப்புறம் அம்மாவோ அப்பாவோ போனை வாங்கி இன்னும் நான்கு கேள்வி கேட்பார்கள். நான் கிண்டி வளாகத்தில் படித்தவன் என்பதால் முடிந்தவரை பதில் சொல்வேன். வருடா வருடம் வருவதெல்லாம் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பல்கலைக்கழகத்தின் சாதனைகள் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா பல்கலைக்கழகம் என்பது ஒரே கல்லூரியா? எங்கள் ஊர்க் கல்லூரியிலும் அதே பெயரில்தானே பட்டம் தருகிறார்கள்?

இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். பல்கலைக்கழகத்துக்கு என்று சென்னையில் நான்கு சொந்த வளாகக் கல்லூரிகள் உண்டு. கிண்டிப் பொறியியல் கல்லூரி, அதாவது சி.இ.ஜி.; 1944-ல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, எல்லோரும் ஏ.சி.டெக் என்பது, 1957-ல் தொடங்கிய கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி, குரோம்பேட்டையில் 1949-ல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி., அதாவது மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. முதல் மூன்றும் கிண்டியில் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இந்த நான்கையும் சேர்த்துத்தான் 1978 செப்டம்பர் 4-ல் பேரறிஞர் அண்ணா பெயரில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவானது. அதற்கு முன்பு சி.இ.ஜி.யில் படித்தவர்கள் வாங்கியது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம்.

2001-ல்தான் மாநிலம் முழுவதும் உள்ள பொறியியல் கல்லூரிகள் இதன் கீழ் வந்தன. 2007-ல் கோவை, திருச்சி, திருநெல்வேலி என்றும் 2010-ல் மதுரை என்றும் பிரித்தார்கள். சில ஆண்டுகளிலேயே மறுபடியும் ஒன்றாக்கினார்கள். உங்கள் ஊர்க் கல்லூரி இணைப்புக் கல்லூரி. பட்டம் அதே பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். ஆனால் பாடத்திட்டமும் தேர்வு விதிகளும் வளாகத்துக்கும் இணைப்புக் கல்லூரிகளுக்கும் தனித்தனி. அதனால் சீனியர் சொல்வதைக் கேட்கும் முன் அவர் எந்தக் கல்லூரி, எந்த வருட ரெகுலேஷன் (பாடத்திட்டமும் தேர்வு விதிகளும் அடங்கிய தொகுப்பு) என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

1794-ல் தொடங்கியது என்று வாசலில் எழுதியிருக்கிறதே, உண்மையா? ரூர்க்கிதான் இந்தியாவின் முதல் பொறியியல் கல்லூரி என்று படித்தோம்.

இரண்டும் உண்மை. எதை எண்ணுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

சென்னை வானாய்வகத்தில் இருந்த மைக்கேல் டாப்பிங் என்பவரின் யோசனையால் 1794-ல் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கியது. முதலில் சேர்ந்தது எட்டுப் பையன்கள். நிலத்தை அளக்கவும் வரைபடம் போடவும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டது, அதற்காகத்தான் பள்ளி. ஐரோப்பாவுக்கு வெளியே இவ்வளவு பழமையான தொழில்நுட்பப் பள்ளியைக் காண்பது அரிது. அந்தப் பள்ளி 1858-ல் சிவில் பொறியியல் பள்ளியாகவும் அடுத்த ஆண்டே பொறியியல் கல்லூரியாகவும் ஆனது. ரூர்க்கியில் கல்லூரி 1847-லேயே தொடங்கிவிட்டது. ஆக, 'பொறியியல் கல்லூரி' என்ற பெயரில் ரூர்க்கி மூத்தது. தொடர்ந்து நடந்துவரும் தொழில்நுட்பப் பள்ளி என்று பார்த்தால் கிண்டி மூத்தது. இதற்காக யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை.

1894-ல் மெக்கானிக்கல், 1930-ல் எலக்ட்ரிக்கல் படிப்புகள் வந்தன. இடையில் 1920-ல் கல்லூரி கிண்டிக்கு இடம் மாறியது. நீங்கள் படங்களில் பார்க்கும் அந்தச் சிவப்புக் கட்டடம் அந்தக் காலத்தது. முதல் நாள் அதன் முன்னால் நின்று எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

மகளை மெக்கானிக்கலோ எலக்ட்ரிக்கலோ எடுக்க வைக்கலாமா? வகுப்பில் பெண்கள் குறைவு என்கிறார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது ஒரு அப்பாவாவது இதைக் கேட்கிறார். அவருக்கு நான் லலிதாவின் கதையைச் சொல்வேன்.

அய்யலசோமயாஜுலா லலிதா 1919-ல் சென்னையில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு, கணவரை இழந்தார். அந்தக் காலத்தில் ஒரு விதவைப் பெண்ணின் வாழ்க்கை எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலேயே எலக்ட்ரிக்கல் பேராசிரியர். மகளைப் படிக்க வைப்பது என்று முடிவெடுத்தார். 1940-ல் லலிதா எலக்ட்ரிக்கலில் சேர்ந்தார். கல்லூரி முழுக்கப் பையன்கள். இவர் ஒருத்திதான் பெண். முதல்வர் கே.சி. சாக்கோ சேர்த்துக்கொண்டார், ஹாஸ்டலில் தனி இடமும் ஏற்பாடானது. குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது.

தனியாக இருக்கிறாளே என்று அப்பா அதோடு விடவில்லை. கிண்டியில் பெண்களும் சேரலாம் என்று ஊரறியச் செய்தார். அடுத்து பி.கே. த்ரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் சிவிலில் வந்து சேர்ந்தார்கள். போர்க்காலம் என்பதால் படிப்புக்காலம் சுருங்கியது. மூவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பட்டம் பெற்றார்கள். இந்தியாவில் பொறியியல் பட்டம் பெற்ற முதல் பெண்கள் இவர்கள்தான். அச்சிட்ட பட்டத்தில் 'அவன்' என்று ஆண்பாலில் இருந்ததைப் பேனாவால் அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்கள். அச்சுப் படிவத்தில் ஒரு பெண்ணுக்கு இடமே வைக்காத காலம் அது.

லலிதா பிறகு கல்கத்தாவில் ஒரு பெரிய மின் நிறுவனத்தில் வேலை பார்த்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்பாதைகள், துணை மின்நிலையங்கள் வடிவமைப்பில் அவர் உழைப்பு இருக்கிறது. 1964-ல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டுக்குப் போய்வந்தார். த்ரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

பல்கலைக்கழகத்தின் சாதனை என்று என்னைக் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். தாராளமாகச் சேர்த்து விடுங்கள். இப்போது வகுப்பில் பெண்கள் ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, நிறையவே இருக்கிறார்கள்.

மாணவர்களே ஒரு செயற்கைக்கோள் செய்தார்களாமே?

ஆமாம், அனுசாட். இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அதுதான். 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி12 ராக்கெட்டில் போனது. அந்த ராக்கெட்டின் முக்கியப் பயணி 300 கிலோ எடையுள்ள ரிசாட்-2. கூடவே போன நம்முடையது 40 கிலோ.

அது என்ன செய்தது என்று கேட்பவர்கள் குறைவு. அதனால் அதையும் சொல்கிறேன். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு செயற்கைக்கோள் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடும். ஓர் ஊரின் தலைக்கு மேல் சில நிமிடங்கள்தான் இருக்கும். அந்தச் சில நிமிடத்தில் கீழே உள்ள நிலையம் அனுப்பும் செய்தியை வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். இன்னோர் ஊருக்கு மேலே வரும்போது அதை இறக்கிக் கொடுக்கும். தபால்காரர் ஒரு தெருவில் கடிதத்தை வாங்கி அடுத்த தெருவில் கொடுப்பது மாதிரி. இந்த 'சேமித்து அனுப்பும்' முறையைச் சோதிக்கத்தான் அனுசாட். கட்டுப்பாட்டு நிலையம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலேயே இருந்தது. இஸ்ரோவின் வழிகாட்டுதலோடு ஆசிரியர்களும் மாணவர்களும் பல ஆண்டுகள் உட்கார்ந்து உழைத்தார்கள். 2012-ல் அது வளிமண்டலத்துக்குள் இறங்கி எரிந்தது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது எடையோ உயரமோ இல்லை. ஒரு செயற்கைக்கோளுக்கு சோலார் பேனல் வேண்டும், பேட்டரி வேண்டும், வெப்பத்தைத் தாங்கும் ஏற்பாடு வேண்டும், ரேடியோ வேண்டும், எல்லாவற்றையும் நடத்தும் மென்பொருள் வேண்டும். மேலே போன பிறகு ஒரு திருகைக்கூட முறுக்க முடியாது. அந்தப் பொறுப்பை இருபது வயதுப் பிள்ளைகளிடமும் கொடுத்தார்கள். அதன் பிறகு மற்ற கல்லூரிகளும் இறங்கின: 2011-ல் எஸ்.ஆர்.எம்.சாட், 2016-ல் சத்யபாமாசாட். தமிழ்நாட்டில் அந்தக் கதவை முதலில் திறந்தது குரோம்பேட்டை.

டிரோன் குழுவில் நடிகர் அஜித் இருந்தாரே, அது இந்தப் பல்கலைக்கழகமா?

அதேதான். எம்.ஐ.டி. வளாகத்து வான்வெளி ஆய்வு மையத்தின் 'தக்ஷா' குழு. 2018-ல் அஜித் குமார் அதற்கு ஆலோசகராக இருந்தார். அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் தக்ஷா இரண்டாம் இடம் பிடித்தது. தொலைவில், எளிதில் போக முடியாத இடத்தில் இருக்கும் ஒரு நோயாளியிடமிருந்து ரத்த மாதிரியை ஆளில்லா விமானம் தானாகவே போய் வாங்கிவர வேண்டும், அதுதான் போட்டி. கொரோனா காலத்தில் கிருமிநாசினி தெளிக்க அதே குழுவின் டிரோன்கள் பயன்பட்டன.

அஜித் பெயரால்தான் பலருக்கு இந்தக் குழு தெரியும். அதில் தப்பில்லை. ஆனால் மோட்டார் சூடாகி நின்றுபோவதையும் காற்றில் டிரோன் சாய்வதையும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிசெய்த மாணவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

தரவரிசையில் எத்தனையாவது இடம்? அதை வைத்து முடிவெடுக்கலாமா?

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கென்று 2024-ல்தான் தனிப் பிரிவு வந்தது. அந்த முதல் ஆண்டிலேயே அண்ணா பல்கலைக்கழகத்துக்கு முதலிடம். 2025-ல் கல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் முதலிடத்துக்கு வந்தது, நமக்கு இரண்டாவது இடம். இந்த இரண்டும் நல்ல செய்திதான்.

ஆனால் தரவரிசை என்பது ஆய்வுக் கட்டுரைகள், ஆசிரியர் எண்ணிக்கை, மாணவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்று பலவற்றைக் கூட்டிப் போடும் கணக்கு. பத்தாவது இடத்துக்கும் பதினான்காவது இடத்துக்கும் நடுவே உங்கள் பிள்ளையின் படிப்பில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதைவிட அந்தத் துறையின் லேப் எப்போது திறந்திருக்கும், ஆசிரியர்கள் மாணவர்களோடு புராஜெக்ட் செய்கிறார்களா என்று அங்கே படிக்கும் ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

இங்கே படித்தவர்களில் பெரிய ஆட்கள் யார்?

பட்டியல் நீளம். எனக்குப் பிடித்த சிலரை மட்டும் சொல்கிறேன்.

அப்துல் கலாம் எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படித்தார். சேர்க்கைக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அக்கா ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அவர் குடியரசுத் தலைவர் ஆனது எல்லோருக்கும் தெரியும். 2002-ல் வேட்பாளராக அறிவிக்கப்பட்டபோது அவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. எழுத்தாளர் சுஜாதா என்ற எஸ். ரங்கராஜனும் எம்.ஐ.டி.தான், எலக்ட்ரானிக்ஸ். பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

வெண்மைப் புரட்சியின் வர்கீஸ் குரியன் 1943-ல் கிண்டியில் மெக்கானிக்கல் முடித்தவர். லலிதா படித்த அதே ஆண்டுகள்.

ராஜ் ரெட்டி பற்றிப் பிள்ளைகளிடம் அவசியம் சொல்லுங்கள். சித்தூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். 1958-ல் கிண்டியில் சிவில் பொறியியல் முடித்தார். பிறகு ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று போய்க் கணினியைப் பேச்சைக் கேட்க வைக்கும் ஆராய்ச்சியில் இறங்கினார். 1994-ல் டூரிங் விருது பெற்றார். கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படும் விருது. ஆசியாவில் பிறந்தவர்களில் அதை முதலில் வாங்கியவர் அவர்தான். இன்று நீங்கள் போனிடம் பேசித் தேடுகிறீர்களே, அந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். படித்தது சிவில்! 'கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை, வாழ்க்கையே போச்சு' என்று அழும் பிள்ளைகளுக்கு நான் இவரைத்தான் சொல்வேன்.

கிரிக்கெட் பிடித்தவர்களுக்கு: வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் சி.இ.ஜி. 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இரு அணிகளிலும் சேர்த்து அதிக ரன் எடுத்தவர் ஸ்ரீகாந்த், 38.

தமிழ் வழியில் படித்தேன். வகுப்பில் எல்லாம் இங்கிலீஷ். சமாளிக்க முடியுமா?

முடியும் தம்பி. முதல் செமஸ்டர் கஷ்டமாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் முதல் இரண்டு மாதம் வகுப்பில் பாதி புரியவில்லை. ஆனால் கணக்கும் படமும் மொழி பார்ப்பதில்லை. பொறியியலில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில நூறுதான். ஒரு நோட்டில் பாடவாரியாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். பொங்கல் விடுமுறைக்குள் பழகிவிடும்.

தமிழிலேயே படிக்கவும் வழி இருக்கிறது. 2010-ல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கினார்கள். இப்போது இணைப்புக் கல்லூரிகளின் முதல் ஆண்டில் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு பாடங்கள் எல்லோருக்கும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரெடிட் (மதிப்பெண் கணக்கில் பாடத்தின் எடை). ஒரு கிரெடிட்தானே என்று தள்ளாதீர்கள். கல்லணையும் ஏரிகளும் இரும்பு உருக்கும் கலையும் பாடமாக வரும் அரிய இடம் அது.

இதைச் சொல்லும்போது வா.செ. குழந்தைசாமியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கரூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. நீரியலில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். ஆற்றில் வெள்ளம் எப்படித் திரளும் என்பதற்கு அவர் வகுத்த கணிதமுறைக்கு அவர் பெயரே இருக்கிறது. ஏறக்குறைய பத்தாண்டுகள் இங்கே துணைவேந்தராக இருந்தார். அதே மனிதர் கவிஞர், தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்காக வாதாடியவர், சாகித்திய அகாதமி விருது வாங்கியவர். தமிழும் பொறியியலும் ஒரே ஆளிடம் இருக்க முடியாது என்று யாராவது சொன்னால் இவரைக் காட்டுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்தோம். செலவுக்கு என்ன உதவி கிடைக்கும்?

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தனியே கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை வருவாய்த் துறையில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாணவிகளுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண், மாணவர்களுக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும்.

விண்ணப்பம் பெரும்பாலும் கல்லூரி வழியாகத்தான் போகும். செமஸ்டர் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். ஒரு தங்கை வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காமல் விட்டதால் பல மாதப் பணம் தள்ளிப்போனது.

மதிப்பெண், கிரெடிட், அரியர்: இதெல்லாம் எப்படி?

இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 ரெகுலேஷனை வைத்துச் சொல்கிறேன். உங்களுடையது வேறு என்றால் எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தியரிப் பாடத்தில் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. லேபில் அது தலைகீழ். செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் எடுக்க வேண்டும், இரண்டும் சேர்த்து 50 வர வேண்டும். இன்டர்னலில் நாற்பதுக்கு நாற்பது வாங்கிவிட்டு செமஸ்டர் தேர்வில் 40 சதவீதம் எடுத்தால் அரியர்தான். இது தெரியாமல் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உச்சத்தில் ஓ கிரேடு, பத்துப் புள்ளி. அதற்குக் கீழே ஒவ்வொரு படியாக இறங்கி, தேர்ச்சியின் கடைசிப் படி சி கிரேடு, ஐந்து புள்ளி. கிரேடு புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் ஜி.பி.ஏ. ஆகவே நான்கு கிரெடிட் கணக்குப் பாடத்தில் ஒரு கிரேடு சரிந்தால் அது ஒரு கிரெடிட் பாடத்தைப்போல நான்கு மடங்கு இழுக்கும். நேரத்தை எங்கே செலவிடுவது என்று யோசிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேண்டும். உடம்பு சரியில்லாமல் 65 வரை இறங்கினால் மருத்துவச் சான்று காட்டி அனுமதி கேட்கலாம். அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும்.

முதல் செமஸ்டரில் ஓர் அரியர் விழுந்தால் வீட்டில் மறைக்காதீர்கள். பெற்றோர்களுக்கும் சொல்கிறேன்: அந்த ஒரு நாள் பிள்ளையைத் திட்டாதீர்கள். விடைத்தாள் நகலை வாங்கிப் பாருங்கள். திருத்தியதில் தவறு இருப்பதாகத் தெரிந்தால் ரீவேல்யுவேஷன் போடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம்.

எந்த கிளப்பில் சேரலாம்?

ஒன்றில் சேருங்கள், ஆறில் சேராதீர்கள். கிண்டியில் சி.இ.ஜி. டெக் ஃபோரம் நடத்தும் 'குருக்ஷேத்ரா' தொழில்நுட்ப விழா 2007-ல் தொடங்கியது. யுனெஸ்கோவின் ஆதரவு பெற்றது. முழுக்க மாணவர்களே நடத்துவது. மேடை, பாட்டு, நடனம் என்றால் 'டெக்கோஃபெஸ்'. குரோம்பேட்டையில் விமானம், கார், ராக்கெட் என்று செய்யும் குழுக்கள் இருக்கின்றன. ஆள் எடுப்பது பெரும்பாலும் செமஸ்டர் தொடங்கிய முதல் சில வாரங்களில் நடந்துவிடும். 'எனக்கு ஒன்றும் தெரியாதே' என்று ஒதுங்கி நின்றால் அந்த ஆண்டு போய்விடும். முதலாண்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. வயர் வெட்டிக் கொடுக்கவும் சாமான் வாங்கிவரவும் ஆள் வேண்டும், அதில் தொடங்கலாம். நானும் அப்படித்தான் ஒரு குழுவில் நுழைந்தேன்; முதல் மாதம் சால்டரிங் கம்பியைப் பிடிக்கக்கூடத் தெரியாது.

ராகிங் இருக்குமா?

ராகிங்கைத் தடை செய்ய 1997-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அது குற்றம், விளையாட்டு என்று யாரும் சமாளிக்க முடியாது. சீனியர் பெயர் கேட்பதும் ஊர் கேட்பதும் ராகிங் அல்ல. பயமுறுத்துவது, கட்டாயப்படுத்துவது, அவமானப்படுத்துவது ராகிங். யு.ஜி.சி.யின் 24 மணி நேர உதவி எண் 1800-180-5522. பெற்றோரும் இதைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிண்டியா, குரோம்பேட்டையா?

வானூர்தி, ஆட்டோமொபைல், இன்ஸ்ட்ருமென்டேஷன் பிடித்தால் குரோம்பேட்டை. இந்தப் படிப்புகளை நாட்டில் யாரும் பெரிதாக எண்ணாத காலத்தில், தன் வீட்டையே விற்று ராஜம் தொடங்கிய இடம் அது. மற்றதெல்லாம் உங்கள் கட்-ஆஃப் பார்த்து. இரண்டுக்கும் மின்சார ரயிலில் போகலாம்.

முதல் நாள் என்ன எடுத்துப்போக வேண்டும்?

அசல் சான்றிதழ்கள், ஒவ்வொன்றிலும் நான்கைந்து நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒரு டஜன், வங்கிப் புத்தக நகல். முதல் வாரங்கள் பெரும்பாலும் அறிமுக நிகழ்ச்சிகளாக இருக்கும், அதனால் புத்தகம் எதையும் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். பாதியை நூலகத்திலும் சீனியர்களிடமும் வாங்கிக்கொள்ளலாம். சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்று நல்லதாக வாங்குங்கள், நான்கு வருடம் உழைக்கும். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்புக்கு மினி டிராஃப்டர் (படம் வரைய உதவும் ஸ்கேல் கருவி) வேண்டும். அதையும் சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கலாம், ஆனால் வாங்கும் முன் திருகுகள் இறுகுகின்றனவா, ஸ்கேல்கள் செங்குத்தாக நிற்கின்றனவா என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்துவிடுங்கள். காலை நேரப் பேருந்தில் ஏறும்போது அதைப் பைக்குள் நிறுத்தி வைத்து, மேல்முனையில் ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவர் முகத்தில் படாமல் இருக்கும்.